அடியில் ஓடும் குரல்கள்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அதையொட்டி நண்பர்களுக்குள் நடந்த பேச்சில் இளைஞர் ஒருவர், “சினிமாவுக்கு வெளியே அவர் இப்போதுதானே சார் வருகிறார்?” என்று கேட்டார். பதிலாக அவருடைய வாத்திய இசைத் தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’ பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பேச்சு நீண்டது. அன்றிரவே அந்தத் தொகுப்பை எடுத்து முதல் உருப்படியிலிருந்து கடைசி வரை கேட்டு முடித்த பிறகுதான் படுத்தேன்.

1986-இல் வெளியான அந்த ஆல்பத்தை என் கல்லூரி நாட்களில் நாடா தேயக் கேட்டிருக்கிறேன். வேலை, குடும்பம், ஊர் மாற்றம் என்று ஒவ்வொன்றாக வந்தபின் அது என்னைவிட்டு விலகிப் போயிருந்தது. இளமையில் நேசித்த ஒன்றை நடுவயது கடந்தபின் திரும்பக் கேட்பதில் ஒரு பயம் உண்டு. அன்று நாம் நேசித்தது அந்த இசையையா, அல்லது அந்த வயதையா என்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது இது: இசை அப்படியே நிற்கிறது. அன்று எட்டாத பல இடங்கள் இப்போது காதுக்கு எட்டுகின்றன.

அன்றைய தஞ்சாவூரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு மைக்செட், தனியார் பஸ்ஸின் ஸ்பீக்கர் என எங்கு திரும்பினாலும் இளையராஜா. 1986 ஒரே ஆண்டில் ‘மௌன ராக’மும் ‘புன்னகை மன்ன’னும் வந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். அந்த அறுந்த இடமும் பாட்டின் ஒரு பகுதியாகவே மனதில் பதிந்துவிடும்.

அப்படியிருந்த வீட்டுக்குள் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இதுல பாட்டு கெடையாதுடா. வெறும் வாத்தியம்தான். கேட்டுப் பாரு.”

டூ-இன்-ஒன்னில் போட்டோம். வயலின்கள் கிளம்பின. கூடத்தில் ஈஸிசேரில் இருந்த அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பாட்டு எப்ப வரும்?” என்றார். சித்தப்பா, “இதுதாண்ணே பாட்டு” என்றார். அப்பா எழுந்து போகாமல் முதல் பக்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர் அவர். தெரிந்த ராகத்தின் சாயல் ஒன்று காதில் விழும். தலை ஆடத் தொடங்கும். அதற்குள் வேறு இரண்டு வயலின்கள் வேறு திசையிலிருந்து உள்ளே வந்துவிடும். “ராகம் இருக்கு. ஆனா கூட யாரோ பேசிக்கிட்டே இருக்காங்களே” என்றார். அந்த ‘யாரோ’ யார் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பல மாதங்கள் ஆயின.

கேசட் உறையில் இருந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. தொகுப்பு இரண்டு பேருக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. ஒருவர் தியாகராஜர், இன்னொருவர் யோஹான் செபாஸ்டியன் பாக். தியாகராஜரை எங்களுக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர் போனால் திருவையாறு. ஆராதனைக்கு அப்பா எங்களை அழைத்துப் போவார். காவிரிக் கரையில், சமாதிக்கு எதிரே, நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாக் யார் என்று கேட்கத் தெருவில் ஆள் இல்லை. அவருடைய இசைத்தட்டு விற்கும் கடையும் எங்கள் ஊரில் இல்லை.

கடைசியில் பதில் கிடைத்தது ஒரு தேவாலயத்துக்காரரிடம். என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா லுத்தரன் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கேசட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். உறையில் பாக் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு, ரிவைண்ட் செய்யச் சொன்னார். மறுபடி ஓடத் தொடங்கியதும் என் முழங்கையைத் தொட்டு, “மேலே போற வயலினை விட்டுடுங்க தம்பி. அது எப்படியும் காதுல விழும். அடியில என்ன ஓடுதுன்னு மட்டும் கேளுங்க” என்றார். நான் விழித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மேலே நடந்துகொண்டிருந்த மெட்டைத் தொடாமல், ஆகக் கீழே செல்லோ வாசிக்கும் வரியைத் தன் அடிக்குரலில் பாடத் தொடங்கினார். டேப் ஓட, அவர் பாட, அதுவரை வெறும் இரைச்சலாகத் தோன்றிய அந்த அடிப்பகுதி தனிப் பாட்டாக எழுந்து வந்தது. அதற்கு ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, நின்று யோசிக்கும் இடம் இருந்தது. மேலே வயலின் சொல்வதை அது தாங்கவில்லை; அதனுடன் வாதாடியது. அப்பா சொன்ன அந்த ‘யாரோ’ அகப்பட்டுவிட்டார்.

பிறகு அவர் தன் சபையின் ஞானப்பாட்டுகளைப் பற்றிச் சொன்னார். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். அப்போது பாக்குக்கு வயது 21. ஜெர்மன் லுத்தரன் சபையின் பாடல்கள் மெட்டு மாறாமல் தமிழுக்கு வந்தன. அதே வகைப் பாடல்களைத்தான் ஜெர்மனியில் பாக் நான்கு குரல்களுக்குப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். இதே தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், 1774-இல் பிறந்தவர், தியாகராஜரின் சமகாலத்தவர், கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் செய்தார். “எங்க கோயில்ல ரெண்டும் பாடுவோம் தம்பி. காலையில ஜெர்மன் மெட்டு, அடுத்ததே கீர்த்தனை. ரெண்டும் ஒரே கூரைக்கு அடியில இருநூறு வருஷமா இருக்கு” என்றார். பாக்கும் தியாகராஜரும் சந்திப்பது ஓர் இசையமைப்பாளரின் விசித்திரக் கற்பனை என்று நினைத்திருந்த எனக்கு, அந்தச் சந்திப்புக்கான முகவரி காவிரிப் படுகையிலேயே இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

வயலினின் கதையும் இதுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். சரபோஜி மன்னரின் தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியமும் ஒலித்தது. நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்த வாத்தியம், சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையைக் கால் மீது ஊன்றிக்கொண்டு, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டிக்கொண்டது. கமகம் கற்றது. இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. பாக்கும் வயலின் வாசித்தவர். அவரும் தியாகராஜரும் சந்திக்க ஓர் இடம் தேடினால் அது வயலினாகத்தான் இருக்க முடியும். இளையராஜா அங்கேதான் அவர்களைச் சந்திக்க வைத்தார். தொகுப்பின் முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன். அவருடைய வில் மேற்கத்திய நேர்ச்சுரத்தையும் அறியும், நம்முடைய கமகத்தையும் அறியும். பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டை அமைத்து, கீர்த்தனைகளை நான்கு நரம்பு வாத்தியங்களுக்குப் பிரித்து வாசித்தவரும் அவரே.

இந்த இசையின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை இப்போது கேட்கும்போது தெளிவாக உணர்கிறேன். ராகம் ஒற்றைக் கோடு. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு எப்படிப் போகிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. திருவையாற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் பாடினாலும் பாடுவது ஒரே கோடு. மேற்கத்திய ஹார்மனி ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறது. ராகத்தின் அடியில் அப்படி ஓர் அடுக்கை வைத்தால், ராகத்தில் இல்லாத சுரம் உள்ளே நுழையலாம். இருக்கும் சுரமும் தன் அசைவை இழந்து மரத்துப் போகலாம். கலப்பிசை என்ற பெயரில் வந்த பல முயற்சிகள் இந்த இடத்தில்தான் விழுந்தன. ஒரு பக்கம் ராகம், மறு பக்கம் கிட்டார் கார்டு, நடுவில் தாளம். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் ஓடி முடியும்.

பாக்கிடம் வேறொரு வழி இருந்தது. அவருடைய இசையில் அடுக்கைவிட நடை முக்கியம். இரண்டு, மூன்று, நான்கு கோடுகள் தனித்தனியாக நடந்துகொண்டே ஒன்றோடொன்று பொருந்திப் போகும். இதை கவுன்டர்பாயிண்ட் என்பார்கள். இதன் உச்ச வடிவம் ஃபியூக். ஒரு குரல் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லித் தொடங்கும். அது முடிந்ததும் இரண்டாவது குரல் அதே வாக்கியத்தை வேறு சுரத்திலிருந்து எடுக்கும். முதல் குரல் நிற்காமல் புதிதாக வேறொன்றைச் சொல்லிக்கொண்டே தொடரும். மூன்றாவது வரும், நான்காவது வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் பேச்சும் மற்றவரால் மூடப்படாது. இங்கே ஒவ்வொரு கோடும் ராகத்துக்கு உண்மையாக இருக்க முடியும். கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் ஹார்மனி தானாகப் பிறக்கும். தொகுப்பில் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்றே ஓர் உருப்படி இருக்கிறது. ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்று இன்னொன்று. பத்து உருப்படிகளிலும் அடிப்படைத் தேடல் ஒன்றுதான்: ராகத்தைக் காயப்படுத்தாமல் அதற்குத் துணை சேர்ப்பது எப்படி?

கல்லூரி நாட்களில் நான் மறுபடி மறுபடி ஓட்டியது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியைத்தான். பாக்கின் தனி வயலினுக்கான மூன்றாம் பார்டிட்டாவின் முதல் பகுதி அதில் வருகிறது. பாக் அதைச் சேர்த்து ஆறு படைப்புகளைத் தனி வயலினுக்காக 1720-இல் சுத்தப் பிரதி எடுத்து வைத்தார். துணைக்கு வேறு வாத்தியமே இல்லாத இசை அது. இளையராஜா அந்த வேகமான சுரப் பெருக்கை ஓடவிட்டு, தன் நரம்பு வாத்தியங்களை அதனுடன் உரையாட விடுகிறார்.

பாக்கை நான் முதலில் கேட்டதே இளையராஜா வழியாக. வேலைக்காகச் சென்னைக்கு வந்தபின்தான் அந்தப் பார்டிட்டாவை அசல் வடிவில், ஒரே ஒரு வயலினில் கேட்டேன். வீட்டில் பாதிப் பேர் வெளியூர் போய்விட்டதுபோல் முதலில் வெறிச்சென்று இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டபோது, அந்த ஒற்றை வயலினே மேலும் கீழும் தாவித் தாவி இரண்டு, மூன்று குரல்களின் வேலையைச் செய்வது புரிந்தது. வெளியில் கேட்காத துணைக் குரல்களை நம் காது தானே நிரப்பிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் தெரிந்த தகவல் ஒன்று என்னை மிகவும் மகிழ வைத்தது. பாக்கே 1731-இல் லைப்சிக் நகரசபைப் பதவியேற்பு ஆராதனைக்காக இதே வயலின் இசையை எடுத்து ஆர்கனுக்குக் கொடுத்து, நரம்பு வாத்தியங்களும் ட்ரம்பெட்டும் முரசும் சேர்த்து, தேவாலய இசையாக மாற்றியிருக்கிறார். செவ்வியல் படைப்பில் ஓர் இந்திய இசையமைப்பாளர் கை வைக்கலாமா என்ற கேள்வியை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பாக் இந்தத் தொகுப்புக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறார். நல்ல இசை இன்னொரு குரலுக்கு எப்போதும் இடம் விட்டு வைத்திருக்கும்.

இந்தத் தொகுப்பின் இசை வேறொரு வடிவத்திலும் என்னிடம் வந்தது. பாலு மகேந்திரா தன் ‘வீடு’ படத்தின் பின்னணிக்கு இதிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார். ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் அதைப் பார்த்தேன். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு சிறு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக நடித்திருப்பார். பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்க அவர் தள்ளாடி வந்து, பூசாத சுவர்களைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சியை மறக்க முடியாது. படத்துக்காக எழுதப்படாத இசை, அந்தப் படத்தின் மனிதர்களுக்கு இவ்வளவு பொருந்தியது தற்செயலென்று நான் நினைக்கவில்லை. ஒரே நேரத்தில் ஆசையும் கவலையும் அச்சமும் தனித்தனிக் கோடுகளாக ஓடும் மனங்கள் அவை. ஒற்றை மெட்டால் அவற்றைச் சொல்லிவிட முடியாது.

அந்த நாட்களில் டூ-இன்-ஒன்னில் பேட்டரி இறங்கினால் சுருதியும் இறங்கும், மெட்டு இழுபடும். கேட்டுக் கேட்டு நாடாவில் மேல் ஸ்தாயிகள் மங்கிப் போயிருந்தன. இப்போது நல்ல ஹெட்ஃபோனில் கேட்கும்போது, வயலின் வில் நரம்பில் திரும்பும் ஒலிகூடக் கேட்கிறது. இடப்பக்க வயலின்கள் தொடங்கியதை வலப்பக்கத்திலிருந்து வயோலா எடுத்துக்கொள்வதும், செல்லோ அதற்கு உடன்படாமல் வேறு வழி போவதும் தெரிகிறது. ஒலிப்பதிவில் எண்பதுகளின் அடையாளம் உண்டு. சில உருப்படிகள் இன்னும் விரிந்திருக்கலாமே என்ற ஏக்கமும் வருகிறது. ஒரு கருத்து வேர்விட்டுக் கிளம்பும்போதே முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து, 1988-இல், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’டில் இளையராஜா இன்னும் நிதானமாக விரித்தார். ஆனால் தேடலின் துணிவு முந்தையதில்தான் அதிகம்.

இன்னொன்றையும் இந்த முறை நினைத்துக்கொண்டேன். இதை வாசித்தவர்களில் பலர் நம் சினிமா இசைக்கூடங்களில் பணியாற்றிய கலைஞர்கள். காலை 7 மணிக்குக் கால்ஷீட், கையில் அப்போதுதான் கிடைத்த நொட்டேஷன் தாள், சில ஒத்திகைகளில் பதிவு என்று வாழ்ந்தவர்கள். அந்தப் பயிற்சிதான் இவ்வளவு நுணுக்கமான இசையை இவ்வளவு சுத்தமாக வாசிக்க வைத்திருக்கிறது. பாட்டுகளில் இரண்டு சரணங்களுக்கு நடுவே சில நொடிகள் வந்துபோகும் இடையிசையில் அவர்கள் காட்டிய திறமைக்கு, முழு நீளத்தில் இடம் கொடுத்தது இந்தத் தொகுப்பு.

எனக்கு இந்த இசை தந்தது ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்கும் பழக்கம். அதன்பின் இளையராஜாவின் சினிமாப் பாட்டுகளே எனக்கு வேறாக ஒலித்தன. பாடகருக்குப் பின்னால் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. கச்சேரியில் பாடுபவரைப் பின்தொடரும் வயலினின் வேலை புரிந்தது. மனிதர்கள் பேசும்போதும், சத்தமாக ஒலிப்பவருக்கு அடியில் மெதுவாகப் பேசுபவர் என்ன சொல்கிறார் என்று கேட்கத் தோன்றியது. ஆர்கன் வாசித்த அந்த ஐயா இன்று இல்லை. அவர் கற்றுக்கொடுத்தது என்னிடம் இருக்கிறது.

இளையராஜாவின் பாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் புகழில் இந்தப் பத்து உருப்படிகள் ஓரமாகிவிட்டன. என் தீர்ப்பில், அவருடைய சிந்தனை எப்படி இயங்குகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான வேறு ஆவணம் இல்லை. சிம்பொனிக்கான பாதை இங்கேதான் தொடங்குகிறது. இதுவரை கேட்காதவர்கள் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேறு வேலை எதுவும் செய்யாமல், முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். முதல் முறை வயலினோடு போங்கள். இரண்டாம் முறை வயலினை விட்டுவிட்டுச் செல்லோவோடு போங்கள். வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.